கொம்பாத்ரேயோடு பகிடி இல்லை

ஜெர்மனியில் ஹாலே நகரில் வேலை செய்கிறேன் என்று, எங்கள் வீடு இருக்கும் ஹம் நகரில் யாரிடமாவது சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அந்தப் பழைய தமிழ்க் கடிதங்களோடா? இங்கே ஓர் அறக்கட்டளையின் காப்பகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கடிதங்களும் சுவடிகளும் இருக்கின்றன. கோவில் விழா ஒன்றில் யாரோ மேடையில் அதைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ஹம் தமிழர்களுக்கு ஹாலே என்றால் அது மட்டும்தான். நான் அந்தக் கட்டடத்துக்குள் போனதே இல்லை. நான் ஒலித் தொழில்நுட்பம் படித்தவள். தென் அமெரிக்காவில், எக்குவதோரின் கிழக்குக் காட்டில், ஓர் ஆற்றின் மேற்பகுதியில் மட்டும் பேசப்படும் கிச்சுவா வட்டார மொழியைப் பதிவு செய்து, வெட்டி, நேரக்குறி இட்டு, கோப்பாக்குவது என் வேலை. பல்கலைக்கழக நிலவறையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து செய்கிறேன்.

இதை நான் அம்மாவுக்குப் பல தடவை விளக்கியாயிற்று.

“எங்கட பாஷையையே பிள்ளையள் கதைக்குதில்லை. நீ ஏன் ஆரின்ரையோ பாஷைக்கு மைக் பிடிக்கிறாய்?”

“அவையள்தான் வேலை தந்தவை அம்மா.”

“கேட்டால் எங்கட ஆக்களும் தருவினம்.”

தரமாட்டார்கள். அதைச் சொன்னால் தொலைபேசி அழைப்பு இன்னும் நீளும் என்பதால் சொல்லவில்லை.

கிச்சுவா மொத்தத்தில் சிறிய மொழி இல்லை. மலையிலும் காட்டிலுமாகப் பலர் பேசுகிறார்கள். ஆனால் இந்த ஆற்றங்கரைப் பேச்சு சில குடியிருப்புகளுக்குள் சுருங்கிவிட்டது. அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறார்கள். கிச்சுவா படித்தாலும் அது எல்லோருக்கும் பொதுவாக ஆக்கப்பட்ட புத்தகக் கிச்சுவா. பிள்ளை வீட்டுக்கு வந்து, அம்மா பேசுவது பிழை என்கிறது. பேராசிரியர் முதல் நாள் இதைப் படம் போட்டு நீளமாக விளக்கினார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் “ஓம்” என்று சொல்லி, “ஆம் என்று சொல்ல வேண்டும்” என்று எழுப்பி நிறுத்தப்பட்டவள் நான்.

அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களில் எங்களுக்கு ஜெர்மனியில் கிடைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹாலேயில் டிராம் ஓட்டுகிற பெண். ஜெர்மன்காரரைக் கல்யாணம் செய்து வந்தவர், ஒரு பெண்குழந்தையின் தாய். மற்றவர் காட்டியல் படிக்க வந்து, படிப்பை விட்டு, அப்போது பக்கத்து லைப்சிக்கில் வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு பொருத்திக்கொண்டிருந்தார். கோப்புகளில் பெயர் போடக்கூடாது என்பது விதி. எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர்கள் டிராம் அக்கா, கூரை அண்ணை. இருவரும் என்னோடு பேசியது ஜெர்மனில்தான். எழுதும்போது அது எங்கள் வீட்டுத் தமிழாக வருகிறது. அவர்களுடைய ஜெர்மனும் என் அம்மாவின் ஜெர்மனைப் போல, பாதி வசனத்தில் சலித்துப்போய்க் கையால் முடிக்கிற ஜெர்மன்.

திட்டத்துக்கு வேண்டியது இயல்பான உரையாடல். முதல் மாதங்களில் அது அளவுக்கு மீறிக் கிடைத்தது. அப்போது என் குறைப்பட்டியல் இப்படி இருந்தது: இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், சிரிக்கும்போது அக்கா மைக்கை விட்டு முழுதாகத் திரும்பிவிடுகிறார், அண்ணை மேசையில் அடிக்கிறார், அவர் அடித்தால் அக்காவின் மடியிலிருக்கும் இரண்டு வயதுக் குழந்தையும் அடிக்கிறது. ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசினால் வெட்ட வசதியாக இருக்கும் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டேன். அதை அண்ணை அக்காவுக்குக் கிச்சுவாவில் எடுத்துச் சொன்னார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பை வெட்டவே முடியவில்லை.

பேச்சு முழுவதும் பகிடி. மொழிபெயர்க்கும்போது அக்கா சொல்வார். அண்ணைக்கு டிராம் என்றால் சீரணம் இல்லாத மலைப்பாம்பு. ஒரு தரிப்பில் விழுங்கியதை அடுத்த தரிப்பில் துப்பிவிடும். அக்காவுக்கு அண்ணை, மரத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும் இறங்குகிற அந்தச் சோம்பல் விலங்கு. கூரை வேலையைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அவர்களுடைய ஆற்றங்கரையில் நல்ல பேச்சு என்றாலே ஒருவரை ஒருவர் இப்படிக் கிண்டலடிப்பதுதானாம்.

அண்ணை பொழுதுபோக வந்தார் என்று நினைக்கிறேன். அக்கா வந்தது குழந்தைக்காக. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தொடக்கத்தில் பேராசிரியரிடம் சொன்னார். அது பொய், கணவர் அந்த நாட்களில் வீட்டில்தான் இருந்தார். பிறகு என்னிடம் உண்மையைச் சொன்னார்.

“நான் ஒருத்தி மட்டும் கதைச்சால் பிள்ளைக்கு அது சாப்பிடு, வா, படு. வேலை ஏவுற சத்தம். ரெண்டு பேர் கதைக்கிறதைக் கேட்டாத்தான் அது பாஷை எண்டு அதுக்குத் தெரியும்.”

அதாவது எங்கள் ஒலிப்பதிவு அறைதான் அந்தக் குழந்தையின் ஆற்றங்கரை. பேராசிரியரின் நிதி விண்ணப்பத்தில் இது எங்கும் இல்லை.

வசந்தத்தில் கூரை அண்ணை, ஸ்பெயினில் இருக்கும் தன் தம்பியிடம் போய்விடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். இலையுதிர் காலத்தில் போவாராம். குளிர் போதுமாம். சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அதற்கு ஒரு பகிடியும் விடவில்லை. அன்றைய கோப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

அடுத்த தடவை அக்கா பெரிய பையோடு வந்தார். அறைக்குள் சாப்பாடு கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். பைக்குள்ளிருந்து ஒரு முழுப் பொரித்த கோழி, அவித்த முட்டைகள், மரவள்ளிக்கிழங்கை அவித்து மசித்துப் புளிக்கவைத்த சிச்சா என்ற பானம் ஒரு வாளி. அந்த மரவள்ளியை ஹம்மில் தமிழ்க்கடையில் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் நானேதான். எதற்கென்று தெரிந்திருந்தால் ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். கிழங்கை ஊர் வழக்கப்படி மென்று துப்பித்தான் புளிக்க வைத்தாரா என்று கேட்டேன். “முதல் குடி, பிறகு கேள்,” என்றார். குடித்தேன். கோப்பையை மறுப்பது அவமானம் என்று தெரியும். பிறகு கேட்கத் தைரியம் வரவில்லை.

அக்கா எழுந்து நின்று அண்ணையிடம் நீளமாக ஏதோ சொன்னார். அண்ணையின் முகம் மெல்ல மாறியது. கோழியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு ஞானஸ்நானம், அவர் ஞானத்தகப்பனாக வேண்டும் என்று அக்கா முறையாகக் கேட்டிருக்கிறார். சாப்பாட்டோடு வந்து இப்படிக் கேட்டால் அவர்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. மேசையில் ஒட்டியிருந்த சிச்சாவை நான்தான் துடைத்தேன்.

பேராசிரியருக்குப் பெரிய சந்தோஷம். உறவு நெருங்கினால் உரையாடலும் நெருக்கமாகும் என்று எனக்கு விளக்கினார். ஹாலேயில் ஒரு சிறிய கத்தோலிக்கத் தேவாலயத்தில் சடங்கு நடந்தது. குழந்தை பாதிரியாரின் கண்ணாடியைப் பிடுங்கியது. பேராசிரியர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு நடந்த முதல் பதிவில் ஒலியளவைக் காட்டும் கோடு அசையவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கேபிளை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். பதிவுப் பெட்டியை அணைத்துப் போட்டேன். மென்பொருளைத் திரும்ப நிறுவினேன். காதுக்கருவியை அண்ணையின் வாய்க்கருகே வைத்துக்கூடப் பார்த்தேன். கருவிகள் எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்து, மெல்லிய குரலில், ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முன்பு கேட்டுக்கொண்டது இதைத்தான். ஆனால் மொழிபெயர்ப்பு இப்படி இருந்தது:

“சுகமா இருக்கிறியளோ கொம்பாத்ரே?”

“சுகம் கொமாத்ரே.”

“மழை பெய்தது கொம்பாத்ரே.”

“ஓம், அப்பிடித்தான் கொமாத்ரே.”

அடுத்த பதிவிலும் மழை பெய்தது. அதற்கடுத்ததில் வெயில் அடித்தது, அதையும் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அக்காவைத் தேநீர் இயந்திரத்துக்கருகில் மறித்துக் கேட்டேன். அவர் என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அவர் இப்ப என்ரை பிள்ளைக்கு ஞானத்தகப்பன். எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. கொம்பாத்ரேயோட ஆரும் பகிடி விடுவினமோ? சண்டை பிடிக்கக்கூடாது, எதிர்த்துக் கதைக்கக்கூடாது, நக்கல் அடிக்கக்கூடாது. கூடப்பிறந்ததை விடப் பெரிய முறை.”

“இது உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“தெரியாமல்?”

“பிறகேன் அக்கா கேட்டனீங்கள்?”

“போகப்போறன் எண்டு சொன்னார். போனால் பிள்ளைக்கு இந்தப் பாஷையிலை என்னை விட்டால் ஆர் இருக்கினம்? சிநேகிதன் போனால் போனதுதான். கொம்பாத்ரே எங்கை போனாலும் பிள்ளையை விசாரிக்க வேணும். அது கடமை.” பிறகு, மெல்ல: “அவர் கதைச்ச கதையளைக் குடுத்துத்தான் அவரை வாங்கினனான். வேறை என்னத்தைக் குடுக்கிறது?”

நான் கோபப்பட வந்தவள். அவருக்கும் ஒரு தேநீர் பிடித்துக் கொடுத்தேன்.

பேராசிரியருக்கு இதைச் சொன்னபோது குறிப்பெடுத்துக்கொண்டார். மிகச் சுவாரஸ்யம் என்றார். பிறகு தீர்வுகளைத் தொடங்கினார். படங்களைக் காட்டிப் பேசச் சொன்னார். படத்தில் இருப்பது குரங்கு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சுற்றுலாப் பயணியும் கடைக்காரரும்போல நடிக்கச் சொன்னார். கடைக்காரர் கேட்ட விலைக்கே பயணி வாங்கிக்கொண்டார். சும்மா, முன்புபோலப் பகிடி விடுங்கள் என்று நேராகவே கேட்டுப் பார்த்தார். இருவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஞானஸ்நானத்தை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று என்னிடம், ஒரு சைவக் குடும்பத்துப் பெண்ணிடம், தனியாகக் கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சல் எல்லோர் மேலும் சமமாக இருந்தது. ஆனால் குழந்தையைப் பார்க்கும்போது அது வேறாக மாறியது. முன்பு அது மடியில் குதித்துக்கொண்டிருக்கும். எதற்கென்று தெரியாமலே சிரிக்கும். அண்ணையின் சத்தங்களைத் திருப்பிச் சொல்லும். இப்போது கீழே தரையில், ஒரு பிளாஸ்டிக் டிராமோடு, ஜெர்மனில் தனக்குள் பேசிக்கொண்டிருந்தது. அக்கா கிச்சுவாவில் கூப்பிட்டால் ஜெர்மனில் “நைன்”, இல்லை, என்றது. அக்கா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணை ஸ்பெயினுக்குப் போகும் எண்ணத்தையும் விட்டதாகத் தெரியவில்லை. கடமை தொலைபேசியிலும் செய்யலாம்தானே.

கோடை நடுவில் ஒருநாள் அக்கா பக்கத்து மைக் உண்மையாகவே இரையத் தொடங்கியது. கேபிளோடு உள்ளே போனேன். அவர்கள் அப்போதும் வெயிலைப் பற்றி ஒத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். மேசைக்கடியில் முழங்காலில் இருந்தபடி, எந்த மொழியில் என்று யோசிக்காமல் வெடித்துவிட்டேன்.

“வாயைத் திறந்து கதையுங்கோவன். ஒரு பாஷை அழியுது எண்டு நான் இஞ்ச கேபிள் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் புது மாப்பிள்ளை மாமியார் வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறியள்.”

தமிழ் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஏசுவது எந்த மொழியிலும் ஏசுவதுதான். நான் எழுந்தபோது கூரை அண்ணை என்னை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்த கதிரையை அக்காவிடமிருந்து என் பக்கம் திருப்பினார். பிறகு கிச்சுவாவில், என் முகத்தைப் பார்த்து, மிக மரியாதையான குரலில் ஏதோ சொன்னார். அக்காவின் தோள்கள் அசைந்தன. அவரும் தன் கதிரையை என் பக்கம் திருப்பி, அண்ணையைப் பார்க்காமல், எனக்குப் பதில் சொன்னார்.

மொழிபெயர்ப்பு பிறகுதான் கிடைத்தது. அண்ணை சொன்னது: “பெண்ணே, இந்த ஊரிலை ஒரு மலைப்பாம்பு தண்டவாளத்திலை ஓடுதாம். மணி அடிச்சுச் சனத்தைக் கலைக்குதாம். ஆர் ஓட்டுகினம் எண்டு எனக்குத் தெரியாது. நல்ல குடும்பத்துப் பெண்ணாத்தான் இருக்கும்.” அக்கா சொன்னது: “பெண்ணே, கூரையிலை ஒரு சீவன் குந்தியிருந்து நித்திரை கொள்ளுறதைக் கண்டன். என்ரை கொம்பாத்ரேயா இருக்க ஏலாது, அவர் நல்ல உழைப்பாளி.”

அந்த நேரத்தில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பது முழுதாக விளங்கியது. ஹம்மில் எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கை, என் மாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அம்மாவுக்கும் மாமிக்கும் நேராக ஒரு சொல் பிசகாது. “பிள்ளை, சில வீடுகளிலை கத்தரிக்காயை அவிச்சுப்போட்டுப் பொரியல் எண்டு சொல்லினமாம்,” என்று அம்மா எனக்குச் சொல்லுவா. “ஓம் பிள்ளை, சில வீடுகளிலை அதுவும் இல்லையாம்,” என்று மாமியும் எனக்கே சொல்லுவா. எங்களில் இதற்குச் சாடை என்று பெயர். இருவரும் பார்த்துச் சொல்ல நடுவில் ஒரு கம்பம் வேண்டும். நான் பிறந்ததிலிருந்து கம்பமாக இருந்தவள்.

இந்தச் சாடை ஆற்றங்கரையில் முன்பே இருக்கும் வழக்கமா, அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்களா என்று பிறகு கேட்டேன். அண்ணை இருக்கிறது என்றார், அக்கா இல்லை என்றார். கொம்பாத்ரேயை எதிர்த்துவிட்டது நினைவுக்கு வந்து, “கொம்பாத்ரே சொன்னால் இருக்கும்,” என்று உடனே மாற்றிக்கொண்டார்.

அன்று நான் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் ஊரில் கேட்கிறவர் சும்மா இருக்கக்கூடாது. பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில் “ஆரி” என்று, ஆமாம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கதை நின்றுபோகும். நான் சொன்ன இடமெல்லாம் பிழை. அண்ணை என் ஆரிக்காகக் காத்திருந்தார். நான் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மடியிலிருந்து குழந்தை, சலித்துப்போன பெரிய மனுஷியின் குரலில், “ஆரி” என்றது. சரியான இடம். அண்ணை தொடர்ந்தார். அடுத்த இடத்தில் எனக்கு முன்பே அது சொன்னது. கொஞ்ச நேரத்தில் இருவரும் என்னை விட்டுவிட்டு அதைப் பார்த்தே பேசத் தொடங்கிவிட்டார்கள். அது மேசையில் அடித்தது.

கண்ணாடிக்கு வெளியே பேராசிரியர் தட்டினார்.

அடுத்த கூட்டத்தில் அவருடைய வாதம் இதுதான்: நான் மொழி தெரியாதவள், குழந்தை மொழி பழகாதது, எங்கள் இருவரையும் பார்த்துப் பேசுவது இரு பேச்சாளர்களின் இயல்பான உரையாடல் ஆகாது. முன்பிருந்ததுதான் இயல்பு என்றால், இனி அது வராது என்றேன். ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் நிதி தருகிறவர்களுக்கு விளக்கக்குறிப்பு எழுதி அனுப்ப ஒத்துக்கொண்டார். அந்தக் குறிப்பில் என்னை “தூண்டுபொருள்” என்று குறித்திருந்தார். தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்து, பேச்சைத் தூண்டக் காட்டுகிற படங்களும் பிளாஸ்டிக் பழங்களும் இருக்கும் வரிசைக்கு நான் உயர்ந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கூரை அண்ணை இலையுதிர் காலத்தில் போய்த்தான் விட்டார். அக்கா அழவில்லை; டிராம் நிலையத்தில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வழியனுப்பப் போனார். ஆனால் ஞாயிறுதோறும் அண்ணை ஸ்பெயினிலிருந்து காணொளியில் வருகிறார். கடமை என்பதால் ஒருநாளும் பிந்துவதில்லை. கொமாத்ரேக்கு முறையாக வணக்கம், சுகம், மழை. பிறகு, “பிள்ளையைத் தாங்கோ.” அவர் பிள்ளைக்குச் சொல்வதை அது தாய்க்குச் சொல்கிறது, தாய் பிள்ளைக்குச் சொல்வதை அது திரைக்குச் சொல்கிறது. நானும் சில ஞாயிறுகளில் கருவியோடு போகிறேன். இந்த ஒலி காப்பகத் தரத்துக்கு வராது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வராதுதான். திரை உறைகிறது, சிரிப்பு தகரம் மாதிரிக் கேட்கிறது, நடுவில் அக்காவின் கணவர் பாத்திரம் கழுவுகிறார். ஒவ்வொரு தடவையும் இனி வருவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வெளிக்கிடுகிறேன்.

போன ஞாயிறு குழந்தை, இப்போது மூன்று வயது, திரையில் அண்ணை சொன்னதைக் கேட்டு “ஆரி” என்றது. அக்காவின் பக்கம் திரும்பி ஒரு வசனம் சொன்னது. அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நான் கம்பியைத் தொடப் போனேன். பிறகு அண்ணையின் குரல் வந்தது. அதுவரை நான் கேட்டிராத அவசரத்தோடு, ஜெர்மனில், எனக்கும் விளங்கட்டும் என்றுபோல:

“கொமாத்ரே, சத்தியமா அதை நான் சொல்லேல்லை.”

அக்கா குழந்தையிடம் ஏதோ கேட்டார். குழந்தை தன் நெஞ்சில் விரலை வைத்தது.

“என்ன சொன்னது?” என்று கேட்டேன்.

அக்கா வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். “நான் குரங்காம். என்ரை வாலை டிராமிலை மறந்து விட்டிட்டு வந்திட்டனாம்.”

அண்ணை சிரிக்கக்கூடாது என்பதற்காகத் திரையை விட்டு விலகிப் போயிருந்தார். சுவர் மட்டும் தெரிந்தது. குழந்தை பதிலுக்காகத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிராம் அக்கா மெல்ல எழுந்தார். முகத்தை மிகக் கவலையாக வைத்துக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், அங்கே தடவிப் பார்த்தார்.